இஞ்சின் திறக்கும் நேரத்தில்

யுத்த காலத்தில் பெட்ரோல் அரிதாகிப் போனபோது திருத்தணியிலிருந்து புறப்படும் பஸ்கள் கரியில் ஓடின. பஸ்ஸின் பின்புறத்தில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளையைப் பொருத்தியிருப்பார்கள். அதில் அடுப்புக்கரியைக் கொட்டி நெருப்பு வைத்து, ஒருவன் கைப்பிடிச் சக்கரத்தைச் சுற்றிக் காற்று ஊத வேண்டும். கரியிலிருந்து கிளம்பும் வாயுவில் இஞ்சின் ஓடும். திருப்பதிக்கு வெள்ளை வேட்டியோடு ஏறியவர்கள் சாம்பல் நிற வேட்டியோடு இறங்குவார்கள். மேடு வந்தால் ஆண்கள் எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும். மலைக்கு வேண்டிக்கொண்டு வந்தவர்கள் அதையும் நேர்த்திக்கடனில் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்தக் கரியைக் கொண்டுவந்தவர்களில் ஒருத்தி கன்னியம்மாள். பள்ளிப்பட்டுக்குப் போகும் வழியில், மலையடிவாரத்தில் இருந்த ஒரு சிற்றூர்க்காரி. கூலிவேலை செய்யும் குடும்பம். நடவும் அறுப்பும் இல்லாத மாதங்களில் அவளுடைய பிறந்த வீட்டார் மலைச்சரிவில் கரிமூட்டம் போடுவார்கள். விறகை வட்டமாக அடுக்கி, தழை போட்டு, மேலே மண் பூசி, உள்ளே நெருப்பைப் புகையவிட்டுக் கரியாக்கும் வேலை அது. புருஷன் பாம்பு கடித்து இறந்த பிறகு அவளும் அண்ணன்மாரோடு அந்த வேலைக்குப் போனாள். வாரத்துக்கு ஒருமுறை மாட்டுவண்டியில் மூட்டைகளை ஏற்றி, ரயில் நிலையச் சாலையில் இருந்த கஜபதியின் தகரக் கொட்டகையில் கொண்டுபோய் இறக்குவாள்.

அவளைப் பெரிய மனுஷி என்று சொல்லிவிட முடியாது. பிறர் காரியத்தில் அளவுக்கு மேல் தலையிடுவாள். யார் பெண்ணை எங்கே கொடுக்கலாம், யார் மாட்டை எப்போது விற்கலாம் என்று கேட்காமலே சொல்லுவாள். பாதி சரியாக இருக்கும். மீதிப் பாதியைப் பற்றிப் பிறகு பேசமாட்டாள். ஆனால் சொன்ன வார்த்தையிலிருந்து பின்வாங்கியதாக யாரும் அவளைக் குறை சொன்னதில்லை.

கஜபதி சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். பஸ்களுக்குக் கரி உருளை பொருத்துவதும் இஞ்சின் பழுது பார்ப்பதும் அவருடைய தொழில். மேஸ்திரி என்று கூப்பிடுவார்கள். ஒருநாள் கரிக்கு ஏற்பாடு செய்வதற்காகக் கன்னியம்மாளின் ஊருக்கே வந்தார். கோடை. கழனியில் வேலை இல்லை. இளவட்டங்கள் புளியமரத்தடியில் படுத்துக் கிடந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் அவருக்குப் பேச்சு வந்துவிட்டது.

"எத்தினி நாளைக்குடா அடுத்தவன் கழனியில குனிஞ்சிக்கினே இருப்பீங்க? உங்க நைனா குனிஞ்சான், அவுங்க நைனா குனிஞ்சான். கைத்தொழில் ஒண்ணு கத்துக்குங்க. கையில தொழில் இருந்தா எவனும் உன்ன வாடான்னு கூப்புட மாட்டான். மேஸ்திரின்னுதான் கூப்புடுவான்."

"கரிய மூஞ்சில பூசிக்கிறதுக்கு திருத்தணி வரைக்கும் வரணுமா மேஸ்திரி?" என்றான் ஒருவன். "இங்கயே கன்னிம்மா மூட்டத்துல பூசிக்கலாமே."

எல்லாரும் சிரித்தார்கள். கஜபதியும் சிரித்தார். "பூசிக்கோ. கழுவினா போயிடும். கழனி சேறு உன் பேரனுக்கும் ஒட்டிக்கினு இருக்கும்."

அவர் அன்று பேசியதைப் பொய் என்று சொல்ல முடியாது. அவருடைய தகப்பனாரும் ஏர் பிடித்தவர்தான். தொழில்தான் தன்னை நிமிர்த்தியது என்பதை அவர் உண்மையாகவே நம்பினார். உண்மையாக நம்புகிறவன் ஏமாற்ற மாட்டான் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படி நினைக்க என்ன ஆதாரம் இருக்கிறது என்று பார்த்தால், பெரிதாக ஒன்றும் இல்லை.

கன்னியம்மாளுக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. மகன் வேடியப்பனுக்குப் பதினெட்டு வயது ஆகியிருந்தது. அவனைப் பட்டறைக்கு அனுப்ப அன்றே தீர்மானித்துவிட்டாள். அதோடு நின்றிருந்தால் இந்தக் கதை ஒரு வீட்டுக் கதையாகவே முடிந்திருக்கும். அவள் வீடு வீடாகப் போனாள்.

பக்கத்து வீட்டு ஜெயம்மாள் மட்டும் லேசில் ஒப்பவில்லை. அவள் புருஷன் ஒரு நிலக்காரரிடம் பண்ணையாள். மகன் தணிகாசலமும் அந்த வருஷம் அதே பண்ணையில் சேர வேண்டும் என்று பேச்சு ஆகியிருந்தது.

"பண்ணைக்காரரு கோச்சிக்குவாரு அக்கா. அப்பறம் திரும்பிப் போனா, எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வந்தேன்னு கேப்பாரு."

"எதுக்குத் திரும்பிப் போறான்? தொழில் கத்துக்கினு வருவான்."

"நீ சொல்லிடுவே. மேஸ்திரி சொல்லித் தரணுமே."

"நான் சொல்றேன் கேளு. என் புள்ள எங்க நிக்கிறானோ, அங்க உன் புள்ளயும் நிப்பான். அவனுக்குத் தெரிஞ்சது இவனுக்கும் தெரியும். இல்லன்னா என்ன வந்து கேளு."

ஜெயம்மாள் அந்த வார்த்தைக்குத்தான் இசைந்தாள். வேடியப்பன், தணிகாசலம், இன்னும் இரண்டு பையன்கள் என்று நாலு பேர் பட்டறையில் சேர்ந்தார்கள்.

வேலை கடுமையானது. கரியை ஒரே அளவாக உடைத்துச் சலிக்க வேண்டும். தூள் கலந்தால் உருளை அடைத்துக்கொள்ளும். பஸ் வந்ததும் சாம்பலை வாரிக் கொட்டி, வாயுவை வடிகட்டும் துணியைக் கழற்றி உதறி, விடியற்காலையில் சக்கரம் சுற்றி நெருப்பைக் கிளப்ப வேண்டும். நாலு பேரும் அலுக்காமல் செய்தார்கள். வேடியப்பன் காக்கி அரைக்கால்சட்டை போட்டுக்கொண்டு ஊருக்கு வந்தபோது, நாய் உட்பட எல்லாரும் எழுந்து பார்த்தார்கள் என்று கன்னியம்மாள் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஒரு வருஷம் போன பிறகு வேடியப்பன் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னான்.

"இஞ்சின் திறக்கும்போது எங்கள வெளிய அனுப்பிடறாரும்மா. டீ வாங்கினு வா, தண்ணி மொண்டுக்கினு வான்னு. திரும்பி வந்தா தகரக் கதவு சாத்தி இருக்குது. மூடி முடிச்சப்பறந்தான் தொறக்கறாரு."

கன்னியம்மாள் இதைக் கேட்டுக் கவலைப்படவில்லை. மாறாகச் சந்தோஷப்பட்டாள். அதற்குக் காரணம் இருந்தது.

அவளுடைய பிறந்த வீட்டாரிடம் ஒரு வழக்கம் உண்டு. மூட்டம் நன்றாகப் பிடித்துப் புகை நிறம் மாறியதும், உச்சித் துளையை மண் வைத்து அடைக்க வேண்டும். கொஞ்சம் முந்தினால் விறகு வேகாது. பிந்தினால் சாம்பல்தான் மிஞ்சும். அந்த நேரத்தில் மூத்தவர் ஒருவர் மட்டும் நிற்பார். மற்றவர்கள் பாறைக்கு அந்தப் புறம் போய்த் திரும்பி உட்கார்ந்துகொள்ள வேண்டும். கண் பட்டால் மூட்டம் கெட்டுவிடும் என்பார்கள். கன்னியம்மாளும் அப்படிப் பல வருஷம் பாறைக்குப் பின்னால் உட்கார்ந்தவள். பிறகு ஒருநாள், எல்லாரும் எழுந்து போகும்போது அவளுடைய மூத்த அண்ணன், "நீ நில்லு" என்றான். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த 'நில்லு' கிடைத்தவருக்கு வேலை தெரிந்துவிட்டது என்று அர்த்தம். கேட்டு வாங்க முடியாது. கேட்டால் தள்ளிப் போகும்.

ஆகவே மகனிடம் சொன்னாள்: "நல்ல மேஸ்திரிடா அவரு. பெரிய வேலைக்குக் கண் படக் கூடாதுல்ல. எட்டிப் பாக்காத. ஏன்னும் கேக்காத. நேரம் வந்தா அவரே நில்லுன்னுவாரு."

"எப்பம்மா?"

"அதக் கேட்டா வராதுடா."

ஜெயம்மாளிடமும் இதையே சொன்னாள். மற்ற வீடுகளிலும் சொன்னாள். பையன்கள் முணுமுணுத்தபோதெல்லாம் அவர்களை அடக்கியது கஜபதி அல்ல, கன்னியம்மாள்தான். சாத்திய கதவுக்கு முன்னால் நாலு பேரும் இன்னும் ஒன்றரை வருஷம் பொறுமையாக நின்றார்கள்.

தொழிலை மறைத்து மூடுவதில் இரண்டு வகை உண்டு, வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒன்று, பின்னால் வருகிறவனுக்காகக் காத்திருக்கிறது. மற்றொன்று அவன் வராமல் இருப்பதற்காக மூடப்பட்டிருக்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்பதில் வித்தியாசம் இல்லை. யாரிடமாவது ஒருநாள் "நில்லு" என்று சொல்லப்படுமா என்பதில்தான் இருக்கிறது. அந்த நாள் வரும்வரை, ஏமாற்றப்படுகிறவனும் பழக்கப்படுத்தப்படுகிறவனும் ஒரே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

யுத்தம் முடிந்து, பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமாக வரத் தொடங்கியது. அடுத்து வந்த ஆடிக் கிருத்திகைக்குக் கஜபதியின் மனைவியின் தம்பி கிருஷ்ணன் சித்தூரிலிருந்து வந்தான். திருவிழா முடிந்தும் திரும்பிப் போகவில்லை, பட்டறையிலேயே தங்கிவிட்டான்.

அடுத்த வாரம் கன்னியம்மாள் கரி இறக்கப் போனபோது தகரக் கதவு சாத்தியிருந்தது. வேடியப்பனும் தணிகாசலமும் வெளியே கரி சலித்துக்கொண்டிருந்தார்கள். மூட்டைகளை இறக்கி முடிக்கும் நேரத்தில் கதவு திறந்தது. கிருஷ்ணன் வெளியே வந்தான். முழங்கை வரை எண்ணெய். கரி படிந்த கைக்கும் இஞ்சின் எண்ணெய் படிந்த கைக்கும் உள்ள வித்தியாசம் அவளுக்குத் தெரியும்.

"உள்ளயா இருந்தே தம்பி?"

"ஆங். பாவா வால்வு தேய்க்கச் சொன்னாரு. தேய்ச்சித் தேய்ச்சி கை கழண்டு போச்சி."

"வெளிய போன்னு சொல்லலியா?"

"என்ன ஏன் சொல்றாரு?" கிருஷ்ணன் அவளை வேடிக்கையாகப் பார்த்தான். "வந்த அன்னிக்கே உள்ளதானே இருந்தேன்."

அவள் கோணியை மடித்துக்கொண்டே நின்றாள். கண் படும் என்பதற்காகக் கதவைச் சாத்துகிறவன், வந்த அன்றே ஒருவனை உள்ளே வைத்துக்கொள்ள மாட்டான். அவளுடைய வழக்கம் அவளுடையது மட்டும்தான். கஜபதிக்கு அப்படி ஒன்று இருப்பதாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அவள்தான் தன் வீட்டு நியாயத்தை எடுத்துப் போய் அவர் கதவின் மேல் போர்த்தியிருந்தாள்.

கஜபதி வெளியே வந்ததும் நேராகக் கேட்டாள்.

"எங்க புள்ளைங்கள எப்ப மேஸ்திரி உள்ள கூப்புடுவீங்க?"

"எதுக்கு?"

"இஞ்சின் வேலைக்கு."

கஜபதி கையைத் துடைத்துக்கொண்டார். மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. "கன்னிம்மா, நாலு பேருக்கும் இஞ்சின சொல்லிக் குடுத்தா, நாளைக்கு நாலு பேரும் எனக்கு எதிர்ல கொட்டாய் போடுவான். அப்பறம் நான் இன்னா பண்றது? சலிக்கிற வேல சலிக்கிறவனுக்கு. இது வூட்டு வேல. வூட்டு ஆளுக்குத்தான்."

"அன்னிக்கி புளியமரத்தாண்ட இத சொல்லலியே."

"தொழில் கத்துக்கோன்னு சொன்னேன். கத்துக்கினானுங்க. கரித் தொழிலு."

"கரித் தொழிலு எங்க வூட்டுலயே இருக்குது மேஸ்திரி. அதக் கத்துக்கவா உங்ககிட்ட அனுப்பினோம்?"

அவர் சலித்துக்கொண்டிருந்த பையன்கள் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு. பெட்ரோல் வந்துகினு இருக்குது. உருளையெல்லாம் கழட்டப் போறாங்க. சலிக்கிறவனுக்கு இனிமே வேல கெடயாது. இஞ்சினுக்கு ஒரு ஆளு வேணும். கிருஷ்ணன் ஒருத்தன் பத்தமாட்டான், சோம்பேறி. உன் புள்ளய மட்டும் உள்ள விடறேன். மத்தவங்கள நான் அனுப்பிடறேன். நீ ஒண்ணும் தெரியாத மாதிரி இரு."

"தணிகாசலம்?"

"அவன் இன்னா நீ பெத்த புள்ளயா?"

"ரெண்டு பேரயும் விடுங்க. இல்லன்னா ரெண்டு பேரும் வேணாம்."

"உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

இந்த இடத்தில் அவளைப் புகழ்ந்துவிடுவது எளிது. அவள் மனத்தில் ஆசை எழவில்லை என்று சொல்ல முடியாது. வண்டியில் திரும்பும் வழியெல்லாம் எழுந்துகொண்டேதான் இருந்தது. ஆனால் ஜெயம்மாளிடம் கொடுத்த வார்த்தை அதைவிடக் கனமாக இருந்தது, அவ்வளவே. வீட்டுக்கு வந்ததும் மகனிடம் நடந்ததை எல்லாம் சொன்னாள். "போவாத. வேற பட்டறை பாக்கலாம். அவனயும் இட்டுக்கினு போலாம்" என்றாள். வேடியப்பன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் அவன் வழக்கம்போலப் பட்டறைக்குப் போனான். பாக்கி வேலையை முடித்துவிட்டுச் சொல்லிக்கொண்டு வரப் போகிறான் என்று அவள் நினைத்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் தணிகாசலம் மட்டும் வந்தான். அவள் வாசலில் நின்றான், உள்ளே வரவில்லை.

"பெரிம்மா, எங்க மூணு பேரயும் வேல இல்லன்னு அனுப்பிட்டாங்க."

"வேடியப்பன் எங்க?"

"உள்ள."

"மேஸ்திரி கதவ சாத்திக்கினாரா?"

தணிகாசலம் தெருப் பக்கம் பார்த்தான். "சாத்தினது வேடியப்பன் பெரிம்மா. நான் தண்ணிக் குடத்தோட வந்தேன். என்னப் பாத்துக்கினேதான் சாத்தினான்."

வேடியப்பன் வரும்போது விளக்கு வைத்தாயிற்று. கைகளில் எண்ணெய் இருந்தது. கழுவாமலே வந்திருந்தான். காட்டுவதற்காகவா, மறந்துபோயா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"வேணாம்னு சொன்னேன்ல" என்றாள்.

"நீதானம்மா தொழில் கத்துக்கோன்னே."

"அந்தப் புள்ளய வெளிய நிக்க வெச்சிட்டா?"

"நான் நிக்க வெக்கல. மேஸ்திரி நிக்க வெச்சாரு. நான் வெளிய வந்திருந்தா மட்டும் அவன் உள்ள போயிருப்பானா? ரெண்டு பேரும் பண்ணைக்கிதான் போயிருப்போம்."

"கதவ நீதான சாத்தினே."

அவன் சொன்ன கணக்கில் தப்பு கண்டுபிடிக்க அவளால் முடியவில்லை. அவன் வெளியே வந்திருந்தால் தணிகாசலத்துக்கு ஒன்றும் கிடைத்திருக்காது என்பது நிஜம். ஆனாலும் அந்த நியாயத்தைக் கேட்கும்போது, புளியமரத்தடியில் பேசிய குரல் தன் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டதுபோல் அவளுக்கு இருந்தது. கஜபதி அன்னியர். அவர் செய்ததை வஞ்சனை என்று சொல்லிவிட்டு விலகிவிடலாம். தான் பெற்றவன் செய்ததை விட்டு அப்படி விலக முடியாது.

விடிந்ததும் ஜெயம்மாள் வீட்டுக்குப் போனாள். அங்கே விஷயம் முன்பே தெரிந்திருந்தது. ஆனாலும் முழுவதையும் தன் வாயால் சொன்னாள்: மேஸ்திரி சொன்னது, தான் மறுத்தது, மகன் உள்ளே போனது, கண் படாமலிருக்கத்தான் கதவைச் சாத்துகிறார் என்று தான் தப்பாக நினைத்தது எல்லாவற்றையும்.

ஜெயம்மாள் சாணம் தெளித்துக்கொண்டே கேட்டாள். கடைசியில், "உன் புள்ள எங்க நிக்கிறானோ அங்க என் புள்ளயும் நிப்பான்னு சொன்னே. எங்க நிக்கிறான் உன் புள்ள?" என்றாள்.

"உள்ள."

"என் புள்ள?"

"வெளிய" என்றாள் கன்னியம்மாள்.

"கண்ணு பட்டுடும், கண்ணு பட்டுடும்னு எம்புள்ள வாய ஒன்றர வருஷம் மூடி வெச்சே. நீ மூடலன்னா அவன் அப்பவே சண்ட போட்டுட்டு வந்திருப்பான். வேற எடம் பாத்திருப்பான்." ஜெயம்மாளின் குரல் உயரவில்லை. "போ அக்கா. எனக்கு வேல இருக்குது."

தணிகாசலத்தைப் பண்ணைக்காரர் உடனே சேர்த்துக்கொள்ளவில்லை. திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போனான். இரும்பு உருளையைத் துப்புரவு செய்யத் தெரிந்தவனுக்கு, உருளையே இல்லாமல்போன ஊரில் வேறு என்ன வேலை இருக்கும்? கையால் செய்யும் எல்லாமே தொழில் ஆகிவிடாது. முதலிலிருந்து கடைசிவரை ஒரு வேலை தெரிந்தவனிடம்தான் தொழில் இருக்கிறது. நடுவில் ஒரு துண்டை மட்டும் கையில் கொடுத்து அதைத் தொழில் என்று சொல்லிவிட்டால், அதைப் பெற்றவன் வேறெங்கும் அதைக் கொண்டுபோய் வைக்க முடியாது. இது கன்னியம்மாளுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியது. மூட்டத்தில் மண் சுமந்தவர்களை யாரும் கரிக்காரர் என்று சொல்லுவதில்லை.

வேடியப்பன் நன்றாகவே கற்றுக்கொண்டான். நாடு விடுதலை அடைந்த வருஷத்தில் கிருஷ்ணன் சித்தூருக்குத் திரும்பிப் போய்விட, பட்டறையில் கஜபதிக்கு அடுத்த கை அவனாகிவிட்டது. சின்ன மேஸ்திரி என்று கூப்பிட்டார்கள். அவனுக்குக் கீழேயும் இரண்டு பையன்கள் சேர்ந்தார்கள். அவர்கள் டீ வாங்கப் போவதையும் குடம் எடுத்துக்கொண்டு போவதையும், சந்தைக்குப் போகும்போது கன்னியம்மாள் ஒருமுறை தன் கண்ணால் பார்த்தாள். அதன் பிறகு அவள் ரயில் நிலையச் சாலை வழியாகப் போவதில்லை. தாலுகா கச்சேரியைச் சுற்றிக்கொண்டு போவாள். மகனோடு அதே வீட்டில்தான் இருந்தாள். சமைத்துப் போட்டாள். காய்ச்சல் வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பட்டறையைப் பற்றி மட்டும் அவள் கேட்பதில்லை, அவனும் சொல்லுவதில்லை. ஊரில் யார் பிள்ளையைப் பற்றியும் யோசனை சொல்லுவதையும் விட்டுவிட்டாள். ஊருக்கு அது கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து ஒரு மாட்டுப் பொங்கலன்று பாஞ்சாலி வந்தாள். மேலத் தெருவில் இருப்பவள். அவளுக்கும் பதினாறு வயதில் ஒரு மகன். வேடியப்பன் அன்று வீட்டில் இருந்தான். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கன்னியம்மாள் வாசலில் முறத்தில் மொச்சைக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பையனத் தொழிலுக்கு உடலாம்னு இருக்கேன் அக்கா" என்றாள் பாஞ்சாலி. "கழனி வேல இவனோட ஒழியட்டும்."

"உடு. நல்லதுதான்."

"நம்ம வேடியப்பன்கிட்டயே உடலாம்னு பாக்கறேன். வேத்து ஆளா? நீ ஒரு வார்த்த சொன்னா போதும்."

கன்னியம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அவன்கிட்ட வேணாம்."

பாஞ்சாலி உள்பக்கம் ஜாடை காட்டினாள். "உள்ளதான் இருக்கறான் போலகீது" என்றாள் மெதுவாக.

"இருக்கட்டும். அவன்கிட்ட உட்டா உன் புள்ள டீ வாங்குவான், தண்ணி மொள்ளுவான், நட்டு தொடப்பான். இஞ்சின் திறக்கும்போது வெளிய நிப்பான். அரக்கோணத்துல லேத்துப் பட்டற இருக்குதாம். அங்க போயிக் கேளு. சேக்கறதுக்கு முன்ன கேளு. எல்லாத்தயும் தொறந்து வெச்சி செய்யும்போது எம்புள்ள எங்க நிப்பான்னு நாலு பேரு எதிர்ல கேளு. பக்கத்துல நிப்பான்னு சொன்னா சேரு. சிரிச்சி மழுப்பினா திரும்பி வந்துடு."

"அதெல்லாம் எனக்குக் கேக்கத் தெரியுமா அக்கா? மேஸ்திரியப் பாத்தாலே எனக்கு வாய் வராது."

உள்ளே தட்டு நகரும் ஓசை கேட்டது. வேடியப்பன் வெளியே வந்தான். கையைக் கழுவியிருக்கவில்லை. பாஞ்சாலியைப் பார்த்து "வா சின்னம்மா" என்றான். அம்மாவைப் பார்க்கவில்லை. இருவருக்கும் நடுவே நடந்து தெருவில் இறங்கி, மாடுகளுக்குக் கொம்பில் வர்ணம் பூசிக்கொண்டிருந்தவர்கள் பக்கம் போனான்.

கன்னியம்மாள் அவன் மறையும்வரை அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் திரும்புவான் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. பிறகு முறத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"நாளக் கழிச்சி காலையில ரயிலுக்கு வா. புள்ளயயும் இட்டுக்கினு வா. நானும் கூட வரேன். நான் கேக்கறேன்."